உடையாத அப்பளம்

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வீட்டு ஹாலில் ஒரு விசாரணை நடந்தது.

விசாரித்தவர், தியாகதுருகத்திலிருந்து ஸ்கூட்டியில் வரும் பிசியோதெரபிஸ்ட் பெண். வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். விசாரிக்கப்பட்டது என் மனைவி தமிழரசியின் வலது முழங்கால். பார்வையாளர் வரிசையில் நான், கையில் காபி டம்ளரோடு.

"இன்னா ஆன்ட்டி இது? வீக்கம் கம்மியாவும்னு பாத்தா ஜாஸ்தியாகிகினே போவுது? கீழ குந்துறீங்களா?"

"இல்லியேம்மா..."

"குத்துக்கால் போட்டு எதுனா வேலை?"

"அய்ய, அதெல்லாம் இல்ல."

பெண் நம்பவில்லை. நம்ப முடியாத நிலைமைதான். சேலத்து டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொல்லியிருந்தார் - இரண்டு மாதம் குந்தக் கூடாது, தாழ்வாக உட்காரக் கூடாது, ரொம்ப நேரம் நிற்கவும் கூடாது. வீக்கம் வடிந்தால் உடற்பயிற்சியோடு தப்பிக்கலாம். வடியாவிட்டால் ஆபரேஷன். அந்த இரண்டு மாதம் வருகிற திங்கட்கிழமை முடிகிறது.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சாட்சிக் கூண்டில் ஏறினேன்.

"சான்ஸே இல்லைம்மா. கிச்சன்ல அவளுக்குன்னே ஸ்டூல் இருக்கு. நானே செஞ்சது."

"தெரியும் சார். பேப்பர்ல வாராவாரம் எழுதுவீங்களே, அதுல படிச்சேன்." மறுபடி முழங்காலை அழுத்திப் பார்த்தார். "அப்பறம் ஏன் சார் வீங்குது?"

அவர் போன பிறகு, அந்தக் கேள்விக்கு நானே பதில் கண்டுபிடித்தேன். பதிலை என் மனைவியின் மீதே இறக்கினேன்.

"சொன்ன பேச்சைக் கேட்டாத்தானே? ஒரு மனுஷன் ரெண்டு வாரம் மரத்தோட மல்லுக்கட்டி ஸ்டூல் செஞ்சு குடுத்திருக்கான். அதுல ஒழுங்கா உக்காராம நடந்துகினே இருந்தா, முட்டி வீங்காம இன்னா பண்ணும்?"

அவள் காலில் தடவியிருந்த தைலத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

இந்த வாரம் நான் வெட்கப்பட வேண்டிய முதல் இடம் இது. மற்றவை பின்னால் வருகின்றன.

நான்கு வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில், ஸ்டூல் செய்த கதையை எழுதியிருந்தேன். ஞாபகம் இருக்கிறதா? இல்லையென்றால் ரொம்ப சந்தோஷம். 'கைகளுக்கும் ஒரு மூளை இருக்கிறது' என்றெல்லாம் அதில் ஒரு வரி வரும். எழுதும்போது எனக்கே மெய்சிலிர்த்தது.

அதில் எழுதாமல் விட்டவற்றை இப்போது சொல்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் கல்லெறிந்தால் அது மரச்சிற்பம் செய்கிற ஒருவரின் பட்டறைக் கூரையில் போய் விழும். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஏகாம்பரம் இருக்கிறார். நிலைக்கதவில் கஜலட்சுமியைச் செதுக்குகிறவர். யானையின் கண்ணில் ஈரம் தெரியும்படி செதுக்குகிறவர். அப்படிப்பட்ட தெருவில் குடியிருந்துகொண்டு, 'நானே ஸ்டூல் செய்கிறேன்' என்று ஒருவன் கிளம்புவது... ஆற்றங்கரையில் உட்கார்ந்து பாட்டில் தண்ணீர் ஆர்டர் செய்வதைப் போன்றது.

"ஏகாம்பரம் அண்ணங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா, சாயந்தரத்துக்குள்ள முடிச்சிக் குடுத்துடுவாருங்க" என்றாள் தமிழரசி. காய் நறுக்க, அடுப்படியில் உட்கார்ந்து கிளற, ஒரு ஸ்டூல். அவள் கேட்டது அவ்வளவுதான்.

"இதுக்குப் போய் அவரா?" என்றேன். அப்போது நான் பதினேழு மரவேலை வீடியோ பார்த்து முடித்திருந்தேன்.

வீடியோவில் வரும் மனிதர்களைப் பார்த்திருக்கிறீர்களா? தாடி. கட்டம் போட்ட சட்டை. அவர்கள் அறுத்தால் மரம் வெண்ணெய் மாதிரி வழிவிடுகிறது. நான் அறுத்தபோது வேப்பம்பலகை என்னோடு வாக்குவாதம் செய்தது. ஸ்க்ரூ முறுக்கினேன், விரிசல் விட்டது. விரிசலில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்தேன், அது விரிசலை எடுப்பாகக் காட்டியது. எல்லாவற்றுக்கும் மேல் வார்னிஷ் அடித்தேன். மனித குலம் வார்னிஷைக் கண்டுபிடித்ததே என் போன்றவர்களுக்காகத்தான்.

ஒரு நாள் ஏகாம்பரம் வாசல் கேட் அருகில் நின்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சார், மேல இன்னா, ஆணி அடிக்கிறீங்களா?"

"இல்ல ஏகாம்பரம், ஸ்க்ரூ."

"ஸ்க்ரூவ சுத்தியால அடிக்கிற சத்தம் கேக்குதே?"

"அது ஒரு டெக்னிக்" என்றேன்.

"அப்டிங்களா" என்றார். போய்விட்டார். ஒரு மனிதர் இதைவிடப் பண்பாகச் சிரிப்பை அடக்கி நான் பார்த்ததில்லை.

அப்புறம் கால்களைச் சமன் செய்கிற வேலை. இங்கேதான் நான் ஒரு சரித்திரப் பிழை செய்தேன். ஸ்டூலை மொட்டை மாடியில் வைத்து, மேலே ரசமட்டத்தை வைத்து, அதன் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை கால்களை அறுத்தேன். நின்றது. வெற்றியோடு கீழே கொண்டுவந்து ஹாலில் வைத்தால்... ஸ்டூல் கிழக்கே சாய்ந்து நிற்கிறது!

ஏன்? மழைத் தண்ணீர் வடிவதற்காக மாடித் தளத்தைக் கொத்தனார் சாய்த்துக் கட்டியிருக்கிறார். வாட்டம் என்பார்களே, அது.

சரி, போர்டிகோவில் வைத்து மறுபடி அறுத்தேன். அங்கேயும் வாட்டம், கழுவிவிட்ட தண்ணீர் தெருவுக்குப் போக. துவைக்கிற கல் பக்கம் போனேன். அங்கேயும் வாட்டம். கடைசியில் சமையலறை. அதற்கும் மூலையை நோக்கி ஒரு வாட்டம். இந்த வீட்டில் தண்ணீர் எங்கேயும் நிற்காது, ஸ்டூலும் நிற்காது. வீடு கட்டும்போது, "வாட்டம் ஜாஸ்தியா குடுப்பா, ஜாஸ்தியா குடுப்பா" என்று கொத்தனாரின் தலைமேல் நின்று கத்தியவன் யார் என்று நினைக்கிறீர்கள்?

பதினெட்டு அங்குலத்தில் பிறந்த ஸ்டூல், வெள்ளிமலையிலிருந்து இறங்குகிற பஸ் மாதிரி வளைவுக்கு வளைவு உயரம் குறைந்துகொண்டே வந்து, பன்னிரண்டில் நின்றது.

தாழ்வாக உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்னது என் காதிலும்தான் விழுந்திருந்தது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஸ்டூல் ஆடாமல் நிற்பது ஒன்றே லட்சியம். அதில் யார் உட்காரப் போகிறார்கள் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

சமையலறையில் கொண்டுபோய் வைத்தேன். தமிழரசி மெல்ல உட்கார்ந்தாள். க்ரீச் என்று ஒரு சத்தம் வந்தது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நல்லாருக்குதுங்க" என்றாள்.

அன்றைக்கே உட்கார்ந்து அந்தக் கட்டுரையை எழுதி அனுப்பினேன். 'என் மனைவி இப்போது சிம்மாசனத்தில் அமர்ந்து வெண்டைக்காய் நறுக்குகிறாள்' என்று முடித்திருந்தேன். அது வெளிவந்த வார ஞாயிற்றுக்கிழமை, திருக்கோவிலூரிலிருந்து என் மைத்துனி குடும்பத்தோடு வந்து ஸ்டூலைப் பார்த்தாள். "அக்கா, அதுல உக்காரு, ஒரு போட்டோ எடுத்துக்கறோம்." அக்கா உட்கார்ந்தாள். முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, எல்லோரும் சேர்ந்து ஒன்று. கால்மணி நேரம். நான் எல்லாப் போட்டோவிலும் இருக்கிறேன். ஸ்டூலின் பக்கத்தில், மார்பில் கைகட்டிக்கொண்டு.

இனி போன வியாழக்கிழமைக்கு வருவோம்.

குளிக்கப் போனவன், துண்டு எடுக்க மறந்து பாதி வழியில் திரும்பினேன். என் செருப்புச் சத்தம் கேட்டதும் சமையலறையில் ஏதோ அவசரமாக நகர்கிற சத்தம். எட்டிப் பார்த்தேன். தமிழரசி ஸ்டூலில் உட்கார்ந்து, எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேலை ஸ்டூலை முழுக்க மூடியிருந்தது. ஒரு கை மேடை விளிம்பைப் பிடித்திருந்தது.

"துண்டு எங்க?"

"கொடியில கெடக்கு, இருங்க" என்று எழுந்தாள்.

ஸ்டூலின் மேல் ஒரு தட்டு. தட்டு நிறைய, பொரிப்பதற்காகப் பிரித்து அடுக்கிய அப்பளங்கள்.

ஒன்றுகூட உடையவில்லை.

நான் துப்பறியும் ஆசாமி இல்லை. ஆனால் இந்தத் தடயத்துக்குத் துப்பறிய என்ன இருக்கிறது? ஐம்பத்தொரு வயதுப் பெண்மணி ஒருத்தி உட்கார்ந்து எழுந்த இடத்தில் இருபது அப்பளங்கள் முழுசாக இருக்கின்றன என்றால்... அவள் உட்காரவில்லை.

அவளும் தட்டைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள்.

"ஒரு நாளும் உக்காரலியா?"

"மொத நாளு உக்காந்தேனே. கிரீச்சுன்னு ஸ்டூலு கால் ஒண்ணு வெளிய போச்சி. கீழ உயுந்துடுவேனோன்னு பயம். அதுக்கப்பறம்... சும்மா, உக்காந்தாப்புல."

"உட்கார்ந்தாற்போல்." இடுப்பை ஸ்டூலுக்கு ஓர் அங்குலம் மேலே நிறுத்தி, முழு உடம்பையும் அந்த வீங்கிய முழங்காலில் தாங்கிக்கொண்டு. நான் வீட்டிலிருந்தே எழுதுகிறவன். என் மேஜையிலிருந்து பார்த்தால் சமையலறை நேராகத் தெரியும். ஒவ்வொரு முறையும் நான் நிமிர்ந்து பார்த்து, 'ஆஹா' என்று மறுபடி எழுதக் குனிந்திருக்கிறேன்.

"நீங்க டீக்கடைக்குப் போவறப்ப, பிளாஸ்டிக் சேர் எடுத்தாந்து போட்டுகினு உக்காந்துக்குவேன்" என்றாள், எனக்கு ஆறுதல் சொல்வதைப் போல.

"நான் இருக்கறப்பவும் அதுலயே உக்காந்திருக்கலாமே? எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"எப்டி சொல்றது? நீங்கதான் பேப்பர்ல எழுதிட்டீங்களே. ஊரே படிச்சிடுச்சி. வர்றவங்கல்லாம் ஸ்டூலு எங்க, ஸ்டூலு எங்கங்குறாங்க. நான் சேர்ல உக்காந்துகினு இருந்தா உங்கள இன்னா நெனப்பாங்க?"

நான் ஸ்டூலைப் பார்த்தேன்.

"அது கெடக்கட்டும். நீங்க ஒரு தடவ அதுல உக்காந்து பாத்தீங்களா?"

இல்லை. அறுத்தேன், முறுக்கினேன், அடைத்தேன், பூசினேன், எழுதினேன், போட்டோவுக்கு நின்றேன். உட்காரவில்லை.

அப்பளத் தட்டை எடுத்து மேடையில் வைத்துவிட்டு உட்காரப் போனேன். பாதியில் க்ரீச். என்னை யாரும் கேட்காமலே என் இடுப்பு அந்தரத்தில் நின்றது. கை தானாகப் போய் மேடையைப் பிடித்தது. என்னுடையது நல்ல முழங்கால். அதுவே ஒரு நிமிஷத்தில் நடுங்க ஆரம்பித்துவிட்டது.

அவள் ஒரு மாதமாக இப்படி நின்றிருக்கிறாள். அதற்குப் பரிசாக செவ்வாய்க்கிழமை என்னிடம் திட்டும் வாங்கியிருக்கிறாள்.

சாயந்தரம் ஏகாம்பரத்தின் பட்டறைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை. உளியைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி முட்டிக்கால் ஒசரம் இன்னா சார்?"

"ஸ்டூலுக்குப் பதினெட்டு அங்குலம்தான் ஸ்டாண்டர்டுன்னு..."

"ஸ்டாண்டர்டா வந்து குந்தப் போவுது? தங்கச்சிதான குந்தப் போவுது?"

இருபத்தாறு வருஷத் தாம்பத்தியம். எனக்குத் தெரியவில்லை. பதினேழு வீடியோவிலும் பலகையைத்தான் அளந்தார்கள். நானும் பலகையைத்தான் அளந்தேன்.

அவரே ஒரு குச்சியோடு வீட்டுக்கு வந்தார். தமிழரசியைச் சமையலறையில் அவள் வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்கச் சொல்லி, குச்சியைக் காலருகில் நிறுத்தி, பென்சிலால் ஒரு கோடு போட்டார். "முட்டி நோவறவங்களுக்கு இதுக்கு மேல நாலு வெரல் தூக்கணும்மா. அப்பதான் எழுந்துக்கறப்ப முட்டி நோவாது." கோட்டுக்கு மேல் இன்னொரு கோடு. தரையின் வாட்டம் எந்தப் பக்கம் என்று ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டார். அரை நிமிஷ வேலை.

போகும்போது என் ஸ்டூலைக் கவிழ்த்துப் பார்த்தார். மறுபடி நிமிர்த்தி வைத்தார்.

"பேப்பர்ல எழுதுனத பேப்பர்லயே மாத்தி எழுதிடுங்க" என்றாள் தமிழரசி அன்றைக்கு. "அப்பதான் எனக்கு வர்றவங்களுக்கு பதில் சொல்ற வேல மிச்சம்." அதனால்தான் இந்தக் கட்டுரை. அவள் சிம்மாசனத்தில் அமர்ந்து வெண்டைக்காய் நறுக்கவில்லை, வாசகர்களே. அந்தரத்தில் நின்று நறுக்கினாள். தவறு என்னுடையது.

திங்கட்கிழமை சேலம் போகிறோம். வீக்கம் வடிந்திருக்குமா? பிசியோதெரபிஸ்ட் பெண் தலையை மேலும் கீழும் ஆட்டாமல், பக்கவாட்டிலும் ஆட்டாமல், "பாக்கலாம் சார்" என்கிறார். ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னால், அந்தக் கத்தியில் என் ரம்பத்துக்கும் பங்கு உண்டு. அதை வார்னிஷ் அடித்து மறைக்க எனக்கு வழி தெரியவில்லை.

சனிக்கிழமை புது ஸ்டூல் வந்தது. ஸ்க்ரூவே இல்லை, மரத்துக்குள் மரம் போய் உட்கார்ந்திருக்கிறது. சமையலறையில் வைத்தோம். ஆடவில்லை. தமிழரசி சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். ஸ்டூலுக்கு ஓர் அங்குலம் மேலே... நின்றுவிட்டாள். மேடையைப் பிடித்தபடி, வாசலில் நிற்கும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நல்லாருக்குதுங்க" என்றாள்.

நான் யாருக்கோ போன் பண்ண வேண்டும் என்று முனகிவிட்டு ஹாலுக்கு வந்து, ஓரக்கண்ணால் பார்த்தேன்.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்தாள்.