சர்க்கரை டப்பாவுக்கு வலப்பக்கம்

காலை ஐந்தரைக்கு ராலிட்சா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து விமானம் ஓட்டுகிறாள். எதிர்ச் சுவரில் நான் அளவு பிசகாமல் ஒட்டிக்கொடுத்த விமானி அறையின் படம். மேசை நடுவில் சர்க்கரை டப்பா. வேகம் கூட்டும் கைப்பிடி அதுதான். கெட்டில் விசிலடித்தால், "அண்ணே, அதை அணை. இறங்கிட்டிருக்கேன்" என்பாள்.

நான் ப்ளோவ்திவ் நகரில் லிஃப்ட் பழுது பார்ப்பவன், எட்டாவதோடு படிப்பை விட்டவன். என் வேலையில் உச்சம் பதினான்காம் மாடி. என் தங்கை பதினொரு வருடம் கேப்டன். போன அக்டோபரில் அவள் வேலை பார்த்த விமானக் கம்பெனியை மூடிவிட்டார்கள். ஏப்ரலுக்குள் மறுபடி பறக்காவிட்டால் விமானம் ஓட்டும் அனுமதி காலாவதியாகிவிடும். வளைகுடாவில் ஒரு கம்பெனி கூப்பிட்டது. பெரிய விமானம், கடல் தாண்டும் நீண்ட பயணம், ஆறு வாரத்துக்கு ஒருமுறைதான் வீடு. வேலையும் துணை விமானியாகத்தான். முதலில் ஒரு சோதனை வைப்பார்கள். தோற்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

எதிர்வீட்டு பென்யோ காப்பி குடிக்க வரும்போதெல்லாம் சீண்டுவார். "ஏம்மா கேப்டன், நாப்பத்தேழு வயசுல போய் எவனோ சின்னப் பயலுக்கு எடுபிடியா? கோடைக்கு இங்கயே டூரிஸ்ட்டுங்களை ஏத்தி இறக்கலாமே?"

"அப்புறம் குளிர்காலம் பூரா உங்க மூஞ்சியப் பார்த்துட்டு உட்காரணுமா மாமா? கை மறந்துபோயிடும். தரையில கேப்டனா இருக்கிறதுக்கு, மேல ரெண்டாவது ஆளா இருந்துக்கிறேன்."

சிக்கல் கையில்தான். கேப்டன் இடப்பக்கம் உட்காருவார். கைப்பிடி அவருக்கு வலக்கைப் பக்கம். துணை விமானி உட்காருவது வலப்பக்கம், கைப்பிடி இடக்கைக்கு மாறிவிடும். நாற்காலியை டப்பாவுக்கு வலப்பக்கம் நகர்த்திய அன்று, அவளுடைய வலக்கை பழக்கத்தில் நீண்டு வெறுங்காற்றைத் தள்ளியது. மறுநாள் அதே இடத்தில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய தம்ளரை வைத்தேன். முதல் வாரம் இருபத்துமூன்று முறை கவிழ்ந்தது. காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.

"தரையெல்லாம் ஊறிப்போச்சு, எடுத்துத் தொலையேன்!"

"உன் கைக்கு உறைக்கட்டும், எடுக்கிறேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு துடைப்பாள், மறுபடி உட்காருவாள். இரண்டாம் வாரம் ஒன்பது. நேற்று ஒன்று.

இன்று புறப்படும் நாள். கோட்டும் கையுமாக நாற்காலியில் உட்கார்ந்து கடைசியாக ஒருமுறை விமானத்தை இறக்கினாள். "ஓடுபாதையில வண்டி நிக்குது!" என்று கத்தினேன். மறுபடி மேலே ஏறியாக வேண்டும். அவளுடைய இடக்கை பாய்ந்தது. டப்பா சுவரில் மோதிச் சர்க்கரை சிதறியது. தம்ளர் அசையவில்லை.

பயணம் போகிறவர் தாண்டிச் செல்ல வாசலில் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். போகிற காரியம் தடையின்றி ஓடுமாம். பென்யோ தன் வீட்டிலிருந்து ஒரு செம்பு நிறையத் தண்ணீரோடு வந்து நின்றார்.

"அது வேண்டாம் மாமா" என்றாள். உள்ளே போய், மேசையிலிருந்த தம்ளரை இடக்கையால் எடுத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.