ஆயுத பூஜைக்கு நின்ற செவ்வாய்

ராசுவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

மன்னார்குடியில் நான் இயற்பியல் சொல்லித்தரும் கல்லூரியில் அவர் கணினிக்கூட ஆபரேட்டர். கோடியக்கரையில் மீன்பிடிக் குடும்பம். படகில் ஏறினாலே வாந்தி எடுப்பார் என்பதால் டிப்ளமோ படிக்க அனுப்பிவிட்டார்கள். பதினோரு வருடமாகத் தற்காலிக வேலை. வருடாவருடம் கல்லூரி நீட்டித்தால்தான் உண்டு.

என் ஆராய்ச்சி செவ்வாய்க் கிரகம். சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்துகள் காற்று, செவ்வாயின் மேல்வளிமண்டலத்தை எவ்வளவு அரித்துக்கொண்டு போகிறது என்று கணினிக்குள் நடத்திப் பார்க்கிறேன். திரையில் ஒரு பெட்டி, நடுவில் கிரகம். காற்று முன்பக்கம் நுழையும், பின்பக்கம் வெளியேறும். ஒரு ஓட்டம் முடிய ஒன்பது நாள். நான் முடிவை மட்டும் பார்ப்பேன். ராசுதான் ஒன்பது நாளும் நகரும் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஓட்டத்தின் நடுவில் ஆயுத பூஜை வந்தது. "மேடம், இன்னிக்கு ஒருநாள் நிறுத்திப் பொட்டு வச்சுட்டு, நாளைக்கு விட்ட எடத்துலேருந்து ஓட்டட்டுமா?" என்றார். அவர் கொடுத்த பொரிகடலையைத் தின்றுகொண்டே சரி என்றேன்.

இரண்டு நாள் கழித்து வந்தார். "மேடம், பின்னாடி வெளிய போற புள்ளி முன்னாடி திரும்ப வருது. வடிகால்ல விட்ட தண்ணி வாய்க்கால்ல வர்ற மாதிரி."

எனக்குச் சுருக்கென்றது. டிப்ளமோக்காரர் எனக்குப் பாடம் எடுப்பதா?

"நீங்க மெஷினைப் பாருங்க ராசு."

தஞ்சாவூர் கருத்தரங்கில், செவ்வாய் இழக்கும் காற்று எல்லோரும் நினைத்ததைவிட மிகக் குறைவு என்று பெருமையாகப் புள்ளிகள் நகரும் படம் போட்டேன். ஒருவர் எழுந்தார். "வெளியே போன துகள் திரும்ப உள்ளே வருதே மேடம்?"

சோதனைக்காக முன்பு நானே வைத்த அமைப்பு அது. மாற்ற மறந்திருந்தேன்; இழப்பு குறைவாகத் தெரிந்தது அதனால்தான். அந்தக் கணமே எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் வாய் வேறு சொன்னது. "ஆயுத பூஜைன்னு ஆபரேட்டர் நடுவுல நிறுத்திட்டார். திரும்ப ஓட்டினப்போ தப்பாயிடுச்சு."

"பொட்டு வச்சதுல செவ்வாய் கோவிச்சுக்கிச்சு போல" என்றார் யாரோ. அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

எங்கள் முதல்வர் முன்வரிசையில் இருந்தார். ராசுவின் நீட்டிப்பு நின்றது. விளக்கம் கேட்டார்கள். அவர் எழுதிய கடிதம் என் குறிப்புக்காக என் மேசைக்கே வந்தது. "நிறுத்தியது உண்மை. விட்ட இடத்திலிருந்தே ஓட்டினேன்." அவ்வளவுதான். அனுமதி கொடுத்தது நான் என்றோ, முன்பே எச்சரித்தேன் என்றோ ஒரு வார்த்தை இல்லை.

மூன்று நாள் அதை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தேன். நான்காம் நாள் முதல்வரிடம் போய், "தப்பு என்னோடது சார்" என்றேன். நீட்டிப்பு வந்தது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவும் அவமானமாகத்தான் இருந்தது.

ராசுவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல விடுங்க மேடம்" என்று விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அமைப்பைத் திருத்திப் புதிதாக ஓட்டினோம். ஐந்தாம் நாள் கணினிக்கூடத்துக்குப் போனேன். அவர் திரைக்கு முதுகு காட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"படத்துல ஏதாவது தப்பாத் தெரியுதா ராசு?"

அவர் எழுந்து நின்றார்.

"நான் மெஷினைத்தான் பாக்குறேன் மேடம்."