இடப்பக்கம் இழுக்கும் வண்டியும் புவனா அக்காவும்

ஞாயிற்றுக்கிழமை காலை கடற்கரையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். புவனா அக்காவின் கணவர் சேகர் மாமாவிடமிருந்து போன் வந்தது. "தம்பி, உங்க அக்கா தவறிட்டா" என்றார். என் வாயில் வந்த முதல் கேள்வி, "வண்டியா மாமா?" என்பதுதான். "இல்லப்பா. சமையல்கட்டுல நின்னுட்டிருந்தா. தலை வலிக்குதுன்னா. தண்ணி எடுத்துட்டு வர்றதுக்குள்ள சாஞ்சிட்டா." மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். முந்தின நாள் சாயங்காலம்தான் அக்கா, "உன் வண்டியையும் ஒரு தரம் ஓட்டிப் பாக்கணும், எடுத்துட்டு வா" என்று அதட்டினார். நாற்பத்தெட்டு வயது ஒரு சாகிற வயதா?

ஒரே மாடல் காரை வாங்கிவிட்டு ஒரே மாதிரி அவதிப்படும் நம் குழுவில் புவனா அக்காவை அறியாதவர் இல்லை. ரெட்டியார்பாளையத்தில் டைல்ஸ் கடை வைத்திருந்தார். கார் என்றால் உயிர். ஆசை ஆசையாக வாங்கிய வண்டி, பிரேக்கை அழுத்தினால் சில நேரம் இடப்பக்கம் இழுத்தது. ஷோரூமுக்குப் போனால், "சாரைக் கூட்டிட்டு வாங்க மேடம், அவருக்கு விளக்கமா சொல்றோம்" என்றார்களாம். கூட்டிக்கொண்டு போனார். மாமாவுக்கு சைக்கிளைத் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது. "எனக்கு ஹாரன் எங்க இருக்குன்னே தெரியாதுங்க. அவகிட்டயே பேசுங்க" என்று சொல்லிவிட்டு ஏ.சி. காற்றில் பேப்பர் படிக்க உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த முறை வாரண்டியே கிடையாது என்று கையை விரித்தார்கள். ஹெட்லைட் பல்பை வெளியே மாற்றியது குற்றமாம். அக்காவுக்கு வந்ததே கோபம்! "பல்பு மாத்துனா பிரேக் இழுக்குமா? அப்ப பிரேக்கை மாத்துங்க, பல்பு நல்லா எரியுதான்னு பாப்போம்" என்றார். பக்கத்தில் பில் கட்ட நின்றிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் வாரண்டி இல்லை என்ற பேச்சை அவர்கள் எடுக்கவில்லை. ஆனால் வேலையும் நடக்கவில்லை, கிணற்றில் போட்ட கல்தான்.

சர்வீஸ் மேனேஜர் ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் வண்டி சாதுவாகப் போகும். ஆள் நிறைய ஏறினால்தான் இழுக்கிறது என்று அக்கா கண்டுபிடித்தார். உடனே நம் குழுவில் உடம்பு பெருத்த மூன்று பேரை வரச்சொன்னார். அதில் நானும் ஒருவன் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. பின்சீட்டில் எங்களோடு மேனேஜரை நெருக்கித் திணித்து, அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டி ஆளில்லாத சாலையில் பிரேக்கை அழுத்தினார். வண்டி வெடுக்கென்று இடப்பக்கம் போனது. "முருகா!" என்று மேனேஜர் என் தொடையைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வந்ததும், "இது இந்த வண்டியோட கேரக்டர் மேடம்" என்றார். அக்கா திரும்பிப் பார்த்தார். "பொண்ணு கேரக்டர் சரியில்லன்னு கல்யாணத்தையே நிறுத்துற ஊரு சார் இது. நீங்க ஒரு பிரேக்கை மாத்த மாட்டீங்களா?"

போன மாதம் ஷோரூமே இறங்கி வந்தது. பழசைக் கொடுத்துவிட்டு வேறு மாடல் எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல விலை தருகிறோம் என்றார்கள். நான்கூட, "தொல்லை விட்டுதுன்னு மாத்திக்கோங்கக்கா" என்றேன். "நான் குடுக்கிற இந்த வண்டியை என்ன பண்ணுவாங்க? கழுவித் தொடைச்சு இன்னொருத்தன் தலையில கட்டுவாங்க. அவன் புள்ளைங்கள ஏத்திட்டுப் போவான். டைல்ஸ்ல விரிசல் விட்டா நான் பெட்டியையே திருப்பி எடுத்துக்கிறேன், வேற ஆளுக்கா விக்கிறேன்? சரி பண்ணட்டும். இல்லன்னா என் வாசல்லயே நிக்கட்டும்" என்றார்.

கருமாதி முடிந்த மறுநாள் மாமா, "வண்டியை எடுப்பா, ஷோரூம் போவணும்" என்றார். விற்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். விஷயத்தைக் கேட்டதும் மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார். "ஐயோ, மேடமா? மூணு வாரம் முன்னாடிகூடத் திட்டினாங்களே சார்!" அவர் கண் கலங்கியது நிஜம். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தபடி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அப்ப கம்ப்ளெய்ன்ட்டை முடிச்சுடட்டுமா சார்?"

மாமா நிதானமாகச் சொன்னார். "அவதான் போயிட்டா தம்பி. வண்டி இன்னும் இழுக்குது."

"ஓனர் இல்லாம வச்சிருக்க முடியாது சார். சிஸ்டம் எடுக்காது."

"அப்ப என் வண்டியை எழுதிக்கோங்க" என்றேன். "அதே மாடல். அதே இழுப்பு. சரி பண்ற வரைக்கும் நானும் விக்கப்போறதில்ல, மாமாவும் விக்கப்போறதில்ல."

மேனேஜர் என் வண்டி நம்பரைக் கேட்டுத் தட்டச்சு செய்தார். நண்பர்களே, கடையும் வீடும் அக்காவின் குடும்பத்துக்கு. எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அவருடைய புகாரைத்தான். அதை என் பேருக்கு மாற்றிக்கொண்டேன்.