முடியாது மேடம்

அந்த சோப்புத் தொழிற்சாலையில் அவளுக்கு 'முடியாது மேடம்' என்று பட்டப்பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இருந்தாலும் அவள் காதுக்கு எட்டாமல் இல்லை.

அவள் வேலை அப்படி. அங்குள்ள ஒவ்வொரு இயந்திரத்துக்கும் கணினிக்குள் ஒரு நகல் உண்டு. டிஜிட்டல் இரட்டை என்பார்கள். நிஜ இயந்திரத்தின் வேகமும் சூடும் அதிலும் அப்படியே தெரியும். யார் புது யோசனை கொண்டுவந்தாலும் முதலில் அவள் அந்த நகலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவை தேறாது. அதைப் போய்ச் சொல்வதும் அவள் தலையில்தான். சொல்லிச் சொல்லி வாய் மரத்துவிட்டது. சாப்பாட்டு அறையில் அவள் வந்து உட்கார்ந்தால் அந்த மேஜையில் பேச்சு குறைந்துவிடும்.

இந்த முறை வந்தது அவள் கணவரின் யோசனை. உறை போடும் பிரிவுக்கு அவர் மேற்பார்வையாளர். சுற்றி வளைந்து வரும் பெல்ட்டை நேராகப் போட்டால் சோப்பு சீக்கிரம் வந்து சேரும் என்றார். அவள் ஓட்டிப் பார்த்தாள். சோப்பு ஆற நேரமில்லாமல், இளகிய பதத்திலேயே வந்து உறையில் ஒட்டியது. மனசு கேட்காமல் மறுபடி ஓட்டினாள். அதே கதைதான்.

வீட்டில் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "ஒட்டிக்குதுங்க. சரிப்படாது."

"நீ சொல்றியா, கம்ப்யூட்டர் நகல் சொல்லுதா?"

"ரெண்டு பேரும்தான்."

அவர் மடித்த துணியை அள்ளி அலமாரியில் வைக்கப் போனார்.

மறுநாள் அவள் கொடுத்த அறிக்கையை மேலாளர் புரட்டக்கூட இல்லை. "வருஷத்துக்கு ஒரு புதுமையாவது மேல காட்டணும்மா. இது பார்க்க நல்லா இருக்கு. போட்டுடலாம்."

பெல்ட்டை மாற்றினார்கள். முதல் நாளே உறை இயந்திரம் அடைத்துக்கொண்டது. பிரிவே உட்கார்ந்து சுரண்டி எடுத்தது. பழையபடி மாற்றிவிட்டுக் கணவர் வீடு திரும்பியபோது நகக்கண்ணெல்லாம் சோப்பு.

அவள் தட்டை வைத்தாள்.

"சொல்லேன், அப்பவே சொன்னேன்னு."

"எனக்குச் சொல்ல தெம்பு இல்லைங்க. நகல் காட்டினது தப்பாப் போகணும்னுதான் நானும் நினைச்சேன்."

அவர் தட்டை இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு தயங்கியபடி, "நேர் பெல்ட்டுலயே, சோப்பு ஆற சின்னதா ஒரு ஃபேன் வச்சா?" என்றார்.

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"நாளைக்கு ஓட்டிப் பார்க்கறேன். இப்ப சாப்பிடுங்க."