மார்லீனின் இரண்டு மாடிக் கழிப்பறை

எங்கள் மலையூரான டெலானியின் பழைய கடைத்தெருவைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் மார்லீன் யாக்லிச்சிடம்தான் மாட்டிக்கொள்ள வேண்டும். தெரிந்தேதான் 'மாட்டிக்கொள்ள' என்று எழுதுகிறேன். குளிர்காலத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள், கோடையில் சுற்றுலாக்காரர்களை நடத்திச் செல்வாள். இரண்டுக்கும் ஒரே குரல். அறுபத்தாறு வயதில் பேருந்தை விட்டுவிட்டாள், குரலை விடவில்லை.

"வரிசை கலையாதீங்க! சிவப்புத் தொப்பி, உங்களைத்தான் சொல்றேன். ஐஸ்கிரீம் ஓடிப் போயிடாது!"

டெக்சாஸிலிருந்து வந்த பெரிய வக்கீலாக இருந்தாலும் அந்தக் குரலுக்கு வரிசையில் வந்து நின்றுவிடுவார். வங்கி, மதுக்கடை, தீயணைப்பு நிலையம் என்று ஒரு மணி நேரம் நடத்திவிட்டுக் கடைசியாக என் பேக்கரிக்குப் பின்னால் இருக்கும் இரண்டு மாடிக் கழிப்பறையில் கொண்டுவந்து நிறுத்துவாள். மரத்தால் ஆனது. கீழே ஒரு கதவு, பன்னிரண்டு அடி உயரத்தில் இன்னொரு கதவு. படி கிடையாது.

"வெள்ளிச் சுரங்கக்காரங்க 1890-ல கட்டினது. பனி கீழ்க்கதவை மூடிட்டா மேல்கதவு வழியாப் போவாங்க," என்பாள். "மேல போறது கீழ இருக்கிறவர் தலையில விழாதா?" என்று ஒருவர் கேட்காத நாளே இல்லை. "அது அவங்கவங்க அதிர்ஷ்டம்," என்பாள். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். முப்பத்தொரு கோடையாக இதே கேள்வி, இதே பதில். பேக்கரி ஜன்னலில் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். ஆனாலும் சிரித்துவிடுவேன்.

போன வருடம், 2024-இல், பக்கத்துக் கட்டிடத்தைக் கலிபோர்னியாவிலிருந்து வந்த பிரெஸ்டன் வாங்கினான்; கழிப்பறை நிற்கிற மண்ணும் அதோடு சேர்ந்ததுதான். பின்கட்டில், திறந்தவெளியில் உட்கார்ந்து குளிக்கிற வெந்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்பட்டான். அங்கிருந்து மலை தெரியாமல் மறைக்கும் அந்த மேல்மாடிதான் இடைஞ்சல். எங்கள் ஊரில் ஐம்பது வயது ஆன எதையும் பழைய கட்டிடங்களைக் காக்கும் பழமைக் குழு சம்மதிக்காமல் தொட முடியாது. அதனால் டென்வரிலிருந்து ஒரு நிபுணரைக் கூட்டி வந்தான்.

மே மாதம் எங்களுக்குச் சேற்று மாதம். பனிச்சறுக்குக் கூட்டம் போய்விட்டிருக்கும், கோடைக் கூட்டம் வந்திருக்காது. வேலைவெட்டி இல்லாமல் பாதி ஊர் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு கழிப்பறை விசாரணைக்கு வந்துவிட்டது. குழுவின் ஐந்து பேரும் வந்தார்கள். தலைவர் டுவேன் கோவாச், மார்லீனோடு ஒன்றாகப் படித்தவர்.

நிபுணர் வாசலில் நின்றபடி டார்ச்சை மேலே அடித்தார். "கீழ்ப்பகுதி பழசு, சந்தேகமே இல்லை. மேல பாருங்க, பிளைவுட், நட்சத்திரத் திருகாணி. சுரங்கக் காலத்துல இதெல்லாம் ஏது? 1980-கள்ல யாரோ விளையாட்டுக்குப் பண்ணியிருக்காங்க. இதுக்கு ஐம்பது வயசு ஆகலை."

"அப்ப மேல்மாடியை மட்டும் எடுத்துடலாம். கீழ இருக்கிறதை நான் தொடவே மாட்டேன்," என்றான் பிரெஸ்டன். நல்ல பையன்தான், பேச்சில் மரியாதை இருந்தது. அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது.

மார்லீன் ஒரு பிடி பிடிக்கப் போகிறாள் என்று காத்திருந்தோம். அவளோ டுவேனைப் பார்த்தாள். டுவேன் தன் பூட்ஸைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்பதுபோல.

"டேய் டுவேன், எத்தனை நாளைக்குடா?" என்றாள் மார்லீன்.

"சும்மா இரு மார்லீன்."

"சும்மா இருந்தா இடிச்சிடுவாங்க."

வழிகாட்டி பேட்ஜைச் சட்டையிலிருந்து கழற்றினாள். அதை வாங்கும்போது, உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டேன் என்று குழுவின் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். கதை கட்டினது தெரிந்தால் பேட்ஜ் போய்விடும். அவளுக்கு இருக்கிற ஒரே பெருமை அந்தப் பேட்ஜ்தான், எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். அதை டுவேனின் கையில் திணித்தாள்.

"சுரங்கக்காரங்க கட்டலை. நானும் இவனும் கட்டினோம். இங்க ஓட்டல் இருந்தப்ப நான் தட்டு கழுவினேன், இவன் உருளைக்கிழங்கு உரிச்சான். குழாய் உறைஞ்சு போச்சு, உள்ள கக்கூஸ் இல்லை. இதோட கதவு பனிக்குள்ள. தினமும் தோண்டித் தோண்டிக் கை விட்டுப் போச்சு. பனி மேலயே நின்னுக்கிட்டு மேல ஒரு அறை வச்சோம். அப்ப அந்தக் கதவு தரையோட தரையா இருந்துச்சு."

"அப்புறம்?" என்றான் பிரெஸ்டன்.

"அப்புறமென்ன, மே மாசம் பனி உருகிடுச்சு. கதவு அந்தரத்துல நிக்குது! படி வைக்கணும்னு ரெண்டு மடையருக்கும் தோணவே இல்லை. ஊரே சிரிக்கும்னு, யார் கட்டினாங்கன்னே தெரியாதுன்னு சொல்லிட்டோம். வெளியூர்க்காரங்க கேட்க ஆரம்பிச்சதும் சுரங்கக்காரங்க தலையில போட்டேன்."

"திருகாணி எதுக்கு?" நிபுணருக்கு அதுதான் கவலை.

"இவனுக்கு ஆணி நேரா அடிக்க வராது."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. டுவேனின் முகம் பீட்ரூட்டாகிவிட்டது. "வருஷம் என்ன மேடம்?" என்று கேட்டான் பிரெஸ்டன்.

"உள்ளே எழுதியிருக்கு, போய்ப் பாரு தம்பி."

என் கடை ஏணியைக் கொண்டுவந்து சாத்தினேன். பிரெஸ்டன் வெள்ளைக் காலணியோடு சேற்றில் நடந்து, தானே ஏறி, மேல்கதவுக்குள் தலையை விட்டான். தச்சன் பென்சிலால் எழுதியிருந்ததை உரக்கப் படித்தான். "மார்லீன், டுவேன். 1974 பிப்ரவரி 9."

எல்லோரும் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். முதலில் போட்டு முடித்தவன் பிரெஸ்டன். "ஐம்பது வருஷம் மூணு மாசம்," என்று ஏணி மேலிருந்தபடியே சொன்னான். நெற்றியைக் கதவு நிலையில் முட்டிக்கொண்டு சிரித்துவிட்டான். வெந்நீர்த் தொட்டி போனது.

கட்டினவர் ஓட்டுப் போடக் கூடாது என்று டுவேன் ஒதுங்கிக்கொண்டார். மற்ற நால்வரும் இருக்கட்டும் என்று கை தூக்கினார்கள். மார்லீன் நடையைக் கட்டினாள். டுவேன் சேற்றில் பொத்துப் பொத்தென்று பின்னாலேயே ஓடினார்.

"ஏய், பேட்ஜை யாரு வாங்கிக்கிறது? இனிமே உள்ளதைச் சொல்லு. என் பேரையும் சேர்த்துச் சொல்லு."

"ஆணி விஷயத்தையும் சொல்லுவேன்."

"சொல்லித் தொலை!"

பேட்ஜை வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டே மார்லீன் அழுதாள். பார்த்துக்கொண்டிருந்த நானும் கொஞ்சம் அழுதேன், அதில் வெட்கமென்ன.

ஜூனில் முதல் கூட்டம் வந்தது. கடைசி நிறுத்தத்தில் மார்லீன் தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளதைச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அதையும் வேடிக்கைக் கதை என்றே நினைத்துவிட்டார்கள். "நிஜமா யாரு கட்டினாங்க, சொல்லுங்க!" என்றார் ஒருவர். முப்பத்தொரு வருடம் பொய்யை வாயைப் பிளந்துகொண்டு கேட்டவர்கள், உண்மையைச் சொன்னால் நம்பவில்லை. அவள் முகம் சுருங்கிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. ஏணியைச் சாத்தி, கேட்டவரையே மேலே ஏற்றிவிட்டேன்.

அவர் படித்தார். இறங்கினார். மார்லீனின் சட்டைப் பேட்ஜில் இருந்த பெயரைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. கேமராவைக் கழிப்பறையிலிருந்து அவள் பக்கம் திருப்பினார், மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திருப்பினார்கள். இத்தனை வருடமாக வேறு எதை எதையோ சுட்டிக்காட்டியே பழகிய மார்லீனுக்கு, அன்று கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.