விட்டுக்கொடுக்காத ஆட்டம்

மச்சான் ஓர் அட்டையை மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தார். வலது கையில் தெம்பில்லாததால் இடது கையால்தான் வைத்தார். அட்டையின் ஓரம் மேசை விளிம்புக்கு நேராக வரும்வரை விரல் நுனியால் தள்ளித் தள்ளிச் சரிசெய்தார். அதில் வாயைப் பிளந்த ஒரு மலைப்பாம்பின் படம். கைப்பேசியாக இருந்தால் அந்நேரம் பாம்பு சீறியிருக்கும், திரை அதிர்ந்திருக்கும், என் பக்கத்து எண்கள் சிவந்து இறங்கியிருக்கும். மேசையில் எதுவும் நடக்கவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அட்டை அட்டையாகவே கிடந்தது.

“இப்ப என்னா?” என்றார்.

“நீங்கதான் சொல்லணும் மச்சான், பாம்பு என்னா செய்யுதுன்னு.”

“நானே சொல்லணுமா? பொய் சொன்னா?”

“சொல்ல மாட்டீங்கல்ல.”

அவர் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் ஏறி நின்றது.

மச்சான் என் அக்காவின் கணவர். ஆயர் தாவார் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை. கல்யாணமான புதிதில் அவரோடு என்ன பேசுவதென்றே எனக்குத் தெரியாது. ஈப்போவில் எங்கள் வீட்டுக்கு வந்தால் கூடத்து மூலையில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டதற்குப் பதில், அதற்குமேல் ஒரு சொல் வராது. ஒரு தீபாவளி மதியம் தற்செயலாக அவருடைய திரையைப் பார்த்தேன். நான் தினமும் அலுவலகத்திலிருந்து வந்ததும் ஆடும் அதே விளையாட்டு. சொந்தமாக ஓர் அட்டைக்கட்டை அமைத்துக்கொண்டு, உலகத்தில் எங்கேயோ இருக்கும் முகம் தெரியாத ஒருவரோடு மோதுவது. புதிய அட்டைகள் மூடிய பொட்டலங்களாக வரும். திறந்தால் என்ன இருக்கும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். அந்த மதியம் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்க்காமல், ஆளுக்கொரு திரையைப் பார்த்தபடி விளையாடினோம். அக்கா முறுக்குத் தட்டோடு வந்து, “ரெண்டும் நல்லா சேந்துச்சிங்க லா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு அவர் ஆயர் தாவாரிலும் நான் ஈப்போவிலுமாக ஏறக்குறைய தினமும் ஆடினோம். தொலைபேசியில் பேசிக்கொண்டது குறைவு. ஆனால் ஒருவர் அட்டைக்கட்டு அமைக்கும் விதத்தில் அந்த ஆளையே பார்த்துவிடலாம். நான் அவசரக்காரன், ஆரம்பத்திலேயே அடித்து முடிக்கப் பார்ப்பேன். மச்சான் காத்திருப்பவர். அடியை வாங்கிக்கொண்டே இருப்பார், தோற்றுவிட்டார் என்று நான் நிமிர்ந்து உட்காரும்போது என் கையில் எதுவும் மிஞ்சியிருக்காது. அப்போதுதான் ஆரம்பிப்பார். “அவசரப்படாத லா, எல்லாத்தையும் இறக்கிட்டா அப்புறம் எத வச்சி ஆடுவ” என்று ஒருமுறை குறுஞ்செய்தி அனுப்பினார். அவர் எனக்கு அனுப்பியதிலேயே நீளமான செய்தி அதுதான்.

மழை பெய்த ஒரு மாலை, வேலை முடிந்து மோட்டாரில் வீடு திரும்பும்போது, லாரி ஒன்றிலிருந்து விழுந்து கிடந்த செம்பனைக் குலையின் மேல் ஏறிவிட்டார். முள்ளும் கனமுமான அந்தக் குலைகளை அந்த வட்டாரச் சாலைகளில் எல்லோரும் பார்த்திருப்போம். ஒதுங்கிப் போவோம். மழையில் அவருக்குத் தெரியவில்லை. தலைக்கவசம் இரண்டாகப் பிளந்திருந்தது. மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்த நாட்களில் அக்கா அவருடைய கைப்பேசியைத் தன் கைப்பையிலேயே வைத்திருந்தாள். நாள் தவறாமல் விளையாட வருபவர்களுக்குத் தரும் பரிசைப் பெற்றுக்கொள்ளச் சொல்லி அது அவ்வப்போது மணியடித்தது. அதை எப்படி நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. நான்தான் நிறுத்தினேன்.

பிழைத்தார். ஆனால் வலிப்பு வர ஆரம்பித்தது. மினுங்கும் வெளிச்சம் அதைக் கிளப்புகிறது என்று மருத்துவர் சொன்னார். தொலைக்காட்சி கூடாது, கைப்பேசி கூடவே கூடாது. ஆலை வேலை போயிற்று. இருவரும் ஈப்போவுக்கு வந்து எங்கள் தாமான் குடியிருப்பிலேயே வாடகைக்கு வீடு எடுத்தார்கள். அக்கா ஒரு கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தாள். பகல் முழுவதும் மச்சான் தனியாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அக்கா சொன்னாள். பிறகு, “ஒங்க ரெண்டு பேருக்கும் அந்த ஆட்டம்தானே பேச்சு. போன் இல்லாம அத ஆட முடியாதா?” என்று கேட்டாள்.

எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. பழைய கடைவரிசை ஒன்றின் மாடியில் மேசை விளையாட்டுகள் விற்கும் கடை இருந்தது. பலமுறை அதன் கீழே நின்று சாப்பிட மீ கோரிங் வாங்கியிருக்கிறேன், மேலே ஏறியதில்லை. கடைக்காரர் என் வயதுச் சீனர். மச்சானைப் பற்றிச் சொல்லி, நாங்கள் ஆடிய விளையாட்டின் பெயரைச் சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. உங்கள் மச்சானுக்கு எதில் ஆசை, பொட்டலம் திறப்பதிலா, கட்டு அமைப்பதிலா, ஜெயிப்பதிலா என்று மலாயில் கேட்டார். காத்திருப்பதில் என்றேன். மாதா மாதம் புதுப் பொட்டலம் வாங்கிக்கொண்டே இருக்கவேண்டிய விளையாட்டுகளை ஒதுக்கிவிட்டு, எல்லா அட்டைகளும் ஒரே பெட்டிக்குள் இருக்கும், இருவர் மட்டும் ஆடும் ஒன்றை எடுத்து வைத்தார். உங்கள் போன் விளையாட்டு மாதிரியேதான், ஆனால் போன் செய்த வேலையை நீங்கள் இருவரும் செய்யவேண்டும் என்றார்.

அதன் அர்த்தம் முதல் ஞாயிற்றுக்கிழமையே தெரிந்தது. கைப்பேசி யாரையும் தவறு செய்ய விடாது. எந்த அட்டையை இறக்கலாமோ அது மட்டும் ஒளிரும். கூட்டல் கழித்தல் எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். மேசையில் எல்லாமே மனிதர் தலையில். அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்கவேண்டும், புரிந்துகொள்ளவேண்டும், எதிரே இருப்பவருக்குச் சொல்லவேண்டும், உயிர்க் கணக்குக்கு வைத்த கண்ணாடி மணிகளை நகர்த்தவேண்டும், அடுத்த முறைவரை எதெல்லாம் நினைவிலிருக்கவேண்டுமோ அதை நினைவில் வைக்கவேண்டும். தலையில் அடிபட்ட ஒருவருக்கு இதைவிடக் கொடுமையான விளையாட்டு இருக்க முடியாது என்று முதலில் நினைத்தேன். மூன்றும் இரண்டும் எத்தனை என்பதற்கே அவர் கண்ணை மூடிக்கொண்டார். கலைத்துப் போடும்போது அட்டைகள் தரையில் சிதறின. நான் குனிந்தால், “இரு, நான் எடுக்குறேன்” என்பார்.

ஆனால் அவர் விடவில்லை. ஒவ்வோர் அட்டையின் ஆங்கிலத்தையும் சத்தமாக, எழுத்துக் கூட்டுவதுபோலப் படித்தார். சில மாதங்களில் மணிகளை வலது கையாலேயே நகர்த்த ஆரம்பித்தார். வீட்டுக்கு அட்டை வந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, சீட்டாட்டமா என்று முகம் சுளித்தபோது, “ஆமாக்கா, மருந்து சீட்டு” என்று பதில் சொல்லும் அளவுக்கு அவருக்குப் பேச்சு திரும்பியிருந்தது. திரையில் ஆடியபோது நான் பார்த்திராத ஒன்றையும் பார்த்தேன். நல்ல அட்டை கைக்கு வந்தால் மச்சான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார். இத்தனை வருடம் மறுமுனையில் இந்த மூச்சைத்தான் இழுத்திருக்கிறார். ஒரு ஞாயிறு, பழையபடி என் கையிலுள்ளதை முழுக்கக் காலி செய்ய விட்டுக் கடைசியில் ஜெயித்தார். அக்கா சமையலறையிலிருந்து ஓடிவந்து பார்த்தாள். அவளுக்கு விதிகள் எதுவும் தெரியாது. என் பக்கம் மணிகள் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. அது போதுமாக இருந்தது.

நல்ல காலம் அவ்வளவுதான். அடுத்த மழைக்காலத்தில் வலிப்பு அடிக்கடி வரத் தொடங்கியது. திரையும் இல்லை, மினுங்கும் வெளிச்சமும் இல்லை, சும்மாவே வந்தது. மருந்தைக் கூட்டினார்கள். ஒவ்வொரு முறை வந்து போகும்போதும் எதையாவது எடுத்துக்கொண்டு போயிற்று. ஒரு வாரம் எந்த முறை யாருடையது என்பது போனது. இன்னொரு வாரம் மணிகள் எதற்கென்பது போனது. நன்றாக ஆடிக்கொண்டிருப்பார், திடீரென்று ஓர் அட்டையை இறக்கி, அதில் எழுதியிராத ஒன்றைச் சொல்வார். பொய்யில்லை. அவருக்கு அப்படித்தான் இருந்தது. கைப்பேசியாக இருந்தால் அந்த அட்டையைத் திருப்பி அவர் கையிலேயே போட்டிருக்கும். இங்கே அந்த வேலை என்னுடையது.

அக்கா என்னை வாசலில் நிறுத்தினாள். “விட்டுக்குடுடா. ஜெயிச்சிட்டுப் போவட்டும். அவருக்கு வேற என்னா இருக்கு?”

அன்று அவர் சொன்னதையெல்லாம் ஒப்புக்கொண்டேன். பாம்புக்கு இல்லாத பலத்தைக் கொடுத்தார், சரி என்றேன். என் மணிகளைக் கூடுதலாக எடுத்தார், சரி என்றேன். ஜெயித்துவிட்டார். அக்கா கைதட்டினாள். மச்சான் தட்டவில்லை. கவிழ்ந்து கிடந்த என் அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். என்னை எப்போதோ ஜெயிக்க வைத்திருக்கவேண்டிய அட்டை அதில் இருந்தது. அதை நெடுநேரம் பார்த்தார்.

“ரோட்டுல விழுந்த நாள்லேருந்து எல்லாரும் எனக்கு விட்டுக்குடுக்குறீங்க. சாப்பாட்டுல, பேச்சுல, எல்லாத்துலயும். இந்த மேசையில மட்டும் வேணாம் மச்சான்” என்றார். கோபமில்லை. கெஞ்சினார். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அதன் பிறகு நான் விட்டுக்கொடுக்கவில்லை. தவறாகச் சொன்னால், “இல்ல மச்சான், படிச்சிப் பாருங்க” என்பேன். அவர் அட்டையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படிப்பார். சில நாள் எழுத்துகள் பிடிபடும், சில நாள் பிடிபடாது. “சரி, நீ படி” என்று நீட்டுவார். எனக்கு எதிராக அவர் ஆடவேண்டிய அட்டைகளை நானே அவருக்குப் படித்துக் காட்டினேன், உள்ளதை உள்ளபடி. வாரா வாரம் அவர் தோற்றார். நோயாளியை ஜெயித்துவிட்டு, மணிகளைப் பெட்டியில் போட்டு மூடி, நடந்தே வீட்டுக்கு வருவேன். அக்கா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். கடைக்காரரிடம் சொன்னபோது, இருவரும் ஒரே பக்கம் நின்று அட்டைக்கட்டை எதிர்த்து ஆடும் விளையாட்டு ஒன்று இருக்கிறது என்றார். வாங்கிப் போனேன். மச்சான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல யாரு தோக்குறது?” என்றார். தோற்றால் ரெண்டு பேரும்தான் என்றேன். “அப்ப வேணாம். நீ எதுக்குத் தோக்கணும்?” என்று தள்ளி வைத்துவிட்டார்.

அவர் போனது ஒரு வேலைநாள் காலை. குளியலறையில் வந்த வலிப்பு. அக்கா கதவை உடைக்க ஆள் கூப்பிட்டு, உடைத்து, வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் போனபோது அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். இடம் வேண்டுமென்று மேசையை யாரோ வெளியே கொண்டுபோய்ச் சாலையோரம் வைத்திருந்தார்கள்.

கருமகாரியம் முடிந்து நெடுநாள் நான் அந்த வீட்டுக்குச் சரியாகப் போகவில்லை. அவரை ஜெயித்துக்கொண்டே இருந்த ஆளாகத்தான் அக்கா என்னைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். இப்போது மறுபடியும் ஞாயிறுகளில் போகிறேன். பசியாறிவிட்டு, அவள் துணி மடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போன வாரம், மடித்த சட்டையை முழங்காலில் வைத்துக்கொண்டு அவளாகவே பேசினாள்.

“நீ வராத நாள்ல அவரு தனியா ஆடுவாரு, தெரியுமா?”

எனக்குத் தெரியாது.

“நான் வேலையிலேருந்து சீக்கிரம் வந்தா வாசல் கேட்டுல நின்னு பாப்பேன். அந்தப் பக்கம் ஒக்காந்து ஒரு அட்டை போடுவாரு. அப்புறம் எழுந்து, செவுத்தப் புடிச்சிக்கிட்டு மெதுவா சுத்தி வந்து ஒன் நாக்காலியில ஒக்காந்து போடுவாரு. ஒன்ன மாதிரியே பேசுவாரு. ‘இல்ல மச்சான், படிச்சிப் பாருங்க’ன்னு.” அவள் கொஞ்சம் சிரித்தாள். “ஞாயித்துக்கெழமைக்குப் பழகுறாராம்.”

“யாரு ஜெயிப்பா?” என்று கேட்டேன்.

“நானும் அதத்தான் கேட்டேன். ‘அவன்தான்’னாரு. ஒங்க கையும் அவன் கையும் நீங்கதானே ஆடுறீங்க, ஒரு தடவ நீங்க ஜெயிச்சிக்க வேண்டியதுதானேன்னேன்.” சட்டையின் கழுத்தை அவள் விரலால் நீவிவிட்டாள். “‘அது எப்படி முடியும், அவன் கையில நல்ல அட்டை இருக்கே’ன்னுட்டாரு.”

வெளியே யாரோ மோட்டாரைக் கிளப்பினார்கள். அது தெருமுனை திரும்பிப் போயிற்று. பிறகு அக்கா அடுத்த சட்டையை எடுத்து உதறினாள்.