கேட்டு வாங்கிய பெயர்

ஜெர்மனியின் மேற்கே இருக்கிற ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு நாங்கள் ஆண்டுதோறும் பேர்லினிலிருந்து போவோம். நான் சிறுமியாக இருந்தபோது ஒரு தேரன்று அப்பாவின் பேர்ஸ் தொலைந்துபோனது. கச்சான் கடலை விற்கிற இடத்தில் நின்றுகொண்டு அவர் இடுப்பைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. அதுவரை தமிழில் பேசிக்கொண்டிருந்த குரல் செருமிக்கொண்டு ஆங்கிலத்துக்கு மாறி, மிஸ்டர் ரேவன்கில் அவர்களின் பணப்பை கிடைத்திருக்கிறது, தயவுசெய்து வந்து பெற்றுக்கொள்ளவும் என்று மிகுந்த மரியாதையோடு அறிவித்தது. பிறகு அதையே ஜெர்மனிலும் சொன்னது. தமிழில் மட்டும் சொல்லவில்லை. எங்கேயப்பா அந்த வெள்ளைக்காரர் என்று சனம் தலையைத் திருப்பித் தேடியது. மேலில் சட்டையில்லாமல், நெற்றி நிறையத் திருநீறோடு, வேட்டியை மடித்துக் கட்டியிருந்த என் அப்பா, "வாறன், வாறன்" என்றபடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். மேசையடியில் நின்ற இளம் தொண்டர், இது யாரோ வெள்ளையருடையது அண்ணை என்று கொடுக்கத் தயங்கினார். அப்பா சிரித்தார். "பேரைப் பாக்காதையும் தம்பி, உள்ளுக்கிருக்கிற படத்தைப் பாரும்" என்றார். அந்தத் தம்பி படத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். எனக்கென்றால் பெருமை தாங்கவில்லை. அத்தனை ஆயிரம் சனத்துக்குள்ளும் அப்படியொரு பெயர் எங்களிடம் மட்டும்தான் இருந்தது.

எங்கள் சனத்துக்குக் குடும்பப் பெயர் என்பது விமானத்தால் இறங்கிய பிறகு முளைத்த சாமான். ஊரில் அவரவர் பெயருக்கு முன்னால் தகப்பனின் பெயரோ அதன் முதலெழுத்தோ நிற்கும், அலுவல் முடிந்தது. இங்கே அகதி விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை வெறுமையாக விட ஏலாது. எல்லோரும் தகப்பன் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். அதன் பலனை எங்கள் மேல்மாடியில் இருந்த அண்ணை அனுபவித்தார். வேலைத்தலத்தில் அவரை எல்லோரும் அவருடைய ஐயாவின் பெயரால்தான் கூப்பிட்டார்கள். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று விளங்கவே அவருக்குக் கொஞ்சக் காலம் பிடித்தது. அவருடைய மனைவி மாமனாரின் பெயரோடு வைத்தியரிடம் போய்க் காத்திருந்தார். இந்தக் கூத்துக்குள் என் அம்மா மட்டும் முழுசான, பழைய, உண்மையான ஒரு குடும்பப் பெயரோடு வந்து இறங்கியிருந்தார்.

அம்மா யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பம். வெள்ளைக்காரர் காலத்தில் அங்கே மிஷன் விடுதிப் பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கம் இருந்தது. கடல்கடந்த ஊரில் இருக்கிற ஒருவர் ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் பணம் அனுப்பினால், அந்தப் பிள்ளைக்கு அவருடைய பெயரையே வைத்துவிடுவார்கள். வாந்திபேதியில் தாய் தகப்பனை இழந்த ஒரு சிறுமிக்கு அப்படித்தான் ரேவன்கில் என்ற பெயர் கிடைத்தது. அம்மாவின் கொப்பாட்டி அவர். கொடுத்தவர் இங்கிலாந்தின் வடக்கே ஏதோ ஒரு பள்ளத்தாக்கில் இருந்த கலியாணம் செய்யாத ஒரு பெண்மணி. அதற்கு மேல் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சிறுமி படித்து ஆசிரியை ஆனார், கலியாணம் செய்தார், பிள்ளைகளும் பிறந்தார்கள். ஆனால் ஊருக்கு அவர்கள் ரீச்சரின் பிள்ளைகள். ஆகவே அவர்களும் ரேவன்கில். எங்கள் பெயர் ஒரு பெண்ணிடமிருந்து ஒரு பெண்ணுக்கு வந்து, அவளுடைய புருஷனைச் சுற்றிக்கொண்டு இறங்கி வந்த பெயர். அம்மா இதைச் சொல்லும்போது முதுகு தானாக நிமிரும்.

அதே பெயர் அவருக்கு ஒரு முள்ளாகவும் இருந்தது. யாராவது புதிதாகக் கேட்டவுடன் ஒரு சின்னச் சிரிப்புச் சிரிப்பார்கள். வெள்ளைக்காரத் தோட்டத்துரை யாரும் உங்கள் வழியில் உண்டோ என்று நேரே கேட்டவர்களும் இருக்கிறார்கள். அம்மா அப்படிக் கேட்டவர்களின் வீட்டில் பிறகு தேத்தண்ணி குடித்ததில்லை.

அப்பா அம்மாவின் கலியாணப் பதிவு பேர்லினில்தான் நடந்தது. அதற்கு முதல் வருடம் அம்மாவின் ஒரேயொரு தம்பி ஊரில் குண்டுவீச்சில் செத்துப்போனார். அந்தப் பெயரோடு மிஞ்சியவர் அம்மா ஒருவர்தான். பதிவு அலுவலகத்தில் இருந்த பெண்மணி, இருவருக்கும் பொதுவாக எந்தக் குடும்பப் பெயர் என்று கேட்டிருக்கிறார். மொழிபெயர்க்க வந்த நண்பர் கேள்வியைக்கூட மொழிபெயர்க்காமல், மாப்பிள்ளையின் பெயர்தான் என்று சொல்ல வாயெடுத்தார். அப்பா குறுக்கே விழுந்து, இவவின் பெயர் என்றார். மனிசனுக்குக் கேள்வி விளங்கவில்லை என்று நண்பர் மறுபடியும் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். அப்பா தனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் தானே அந்தப் பெண்மணியிடம் சொல்லி, கையெழுத்தையும் போட்டுவிட்டார். அம்மாவோடு அதைப்பற்றி முன்கூட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா அங்கேயே அழுதுவிட்டார் என்று அந்த நண்பர் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு அப்பா பட்ட நக்கல் கொஞ்சநஞ்சமல்ல. பெண்டிலின் பெயரைச் சுமக்கிறவன் என்றார்கள். வேதத்துக்கு மாறிக் கிறிஸ்தவனாகிவிட்டான் என்றார்கள். மனிசன் ஒரு வெள்ளியும் தவறாமல் பேர்லின் நொய்கெல்ன் முருகன் கோயிலில் நிற்பார், அதைக் கண்ணால் கண்டுகொண்டே அப்படிச் சொன்னார்கள். இத்தாலியன் உணவகத்துச் சமையலறையில் அவரோடு வேலைசெய்த பெடியள் அவரை 'துரை' என்று கூப்பிட்டார்கள். அப்பா ஒன்றுக்கும் கோபிக்கவில்லை. ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்: "சீதனமாத் தந்தவை. வேற ஒண்டும் தரேல்லை." சொல்லிவிட்டு அம்மாவை ஓரக்கண்ணால் பார்ப்பார். நானும் நெடுங்காலம் அதை ஒரு பகிடி என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் பிராங்பேர்ட்டில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, இங்கிலாந்திலிருந்து ஒரு பெரியவர் என் வேலைத்தலத்து இணையப் பக்கத்தில் முகவரியைக் கண்டுபிடித்து எனக்கு மின்னஞ்சல் எழுதினார். அவரும் ரேவன்கில். பூகோளம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். இந்த ஒரு பெயரைப் பற்றி, அது எங்கே பிறந்தது, யார் யார் அதை எங்கெங்கே கொண்டுபோனார்கள் என்று தேடுவதே அவருக்கு முழுநேர வேலை. பேர்லின் தொலைபேசிப் புத்தகத்தில் எங்கள் வீட்டைக் கண்டவர், அதன் பிறகு சரியாகத் தூங்கவில்லையாம். வரலாமா என்று கேட்டார். வரச் சொன்னோம். அம்மா இரண்டு நாள் நின்று ரோல்ஸும் வடையும் கேக்கும் செய்தார். மொழிபெயர்க்க நான் ரயிலேறிப் போனேன்.

நல்ல மனிதர். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார், வடையை இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு சாப்பாட்டு மேசையில் தன்னுடைய வரைபடத்தை விரித்தார். ரேவன்கில் என்றால் அண்டங்காக்கைகள் அடைகிற ஓடை என்று பொருளாம். வடக்கு இங்கிலாந்தில் அப்படியொரு ஓடை இருக்கிறது. அதன் கரையில் ஒரு பண்ணை. அந்தப் பண்ணையில் இருந்தவர்களுக்கு ஓடையின் பெயரே பெயராகிவிட்டது. வரைபடத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஒட்டிவைத்த ஒரு நீலப் பொட்டு. பக்கத்துப் பக்கத்துப் பள்ளத்தாக்குகள் இரண்டில் மட்டும் பொட்டுகள் நெருக்கமாக இருந்தன. மலைக்கு அந்தப் பக்கம் ஒன்றுமேயில்லை. கம்பளி ஆலைகள் வந்தபோது சிலர் கீழே ஆலை நகரங்களுக்கு இறங்கினார்கள், ஈயச் சுரங்கம் மூடியபோது சிலர் கனடாவுக்குக் கப்பலேறினார்கள், ஒரு குடும்பம் நியூசிலாந்துக்குப் போனது. ஒவ்வொரு பொட்டிலிருந்தும் ஒரு கோடு அந்த ஓடைக்குத் திரும்பிப் போனது. இங்கிலாந்துக்கு வெளியே ஐரோப்பாவில் ஒரேயொரு பொட்டு, பேர்லினில். அதிலிருந்து கோடு எங்கும் போகவில்லை; பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. பெயரின் சொந்தப் பள்ளத்தாக்கில் இப்போது கிழவர்கள் மட்டுந்தான் மிச்சம் என்று அவர் கவலையோடு சொன்னார். அப்பா ஓடையைச் சுற்றி விரலை வைத்துப் பார்த்துவிட்டு, காக்கை என்றால் எனக்குத்தான் பொருத்தம் என்று மெல்லச் சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பிறகு அந்தப் பெரியவர் தன்னுடைய பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயை எடுத்து மேசையில் வைத்தார். எச்சிலைப் பரிசோதித்தால் உறவு தெரிந்துவிடும், இலங்கைத் தோட்டங்களுக்குப் போன ரேவன்கில் யாராவது இருந்திருக்கலாம் என்று சுற்றிவளைத்து, மிகவும் நாசூக்காகச் சொன்னார். நான் சொல்லி முடிக்கமுதலே அம்மாவுக்கு விளங்கிவிட்டது. இந்தச் சிரிப்பில்லாத வடிவத்தில், இவ்வளவு மரியாதையோடு, அந்தப் பழைய கேள்வி கடைசியில் அவருடைய சொந்த மேசைக்கே வந்துவிட்டது. கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எங்கட கொப்பாட்டியின்ர மானத்தை எச்சில் துப்பி நிரூபிக்க ஏலாது எண்டு சொல்லு பிள்ளை."

சொன்னேன். ஒரு சொல்லையும் மெதுவாக்காமல் சொன்னேன். அவருடைய முகம் சிவந்துபோயிற்று. எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். அம்மா அவரை இருக்கச் சொல்லிவிட்டு, விடுதியில் இருந்த அந்தச் சிறுமியின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். கேட்கக் கேட்க அவர் முன்னுக்குச் சாய்ந்தார். தன்னுடைய பாட்டனாரின் அத்தை ஒருவர் இருந்தார், கலியாணம் செய்யவில்லை, மிஷன்களுக்கு நிறையக் கொடுத்தவர் என்றார். வரைபடத்தில் அந்த அத்தையின் இடத்தைக் காட்டினார். அங்கே கோடு நின்றுபோயிருந்தது. வாரிசில்லை என்பதற்கு ஒரு சின்னக் குறுக்குக் கோடு. கதை அருமையான கதை என்று சொன்னார். ஆனால் இந்த வரைபடம் இரத்தவழி வந்தவர்களுக்கானது, உங்களுக்கென்று தனியாக ஒரு பக்கம் மரியாதையோடு போடுகிறேன் என்றார். சொல்லிக்கொண்டே பேர்லின் பொட்டின் விளிம்பில் நகத்தை வைத்தார்.

வேண்டாம் என்று கெஞ்ச அம்மாவுக்கு வராது. அந்தப் பொட்டு உரிந்தால் அவருடைய வாழ்நாள் முழுக்க நிமிர்ந்திருந்த முதுகுக்கு என்ன நடக்கும் என்று எனக்குப் பயமாக இருந்தது. அதுவரை பகிடி விட்டுக்கொண்டிருந்த அப்பாதான் வாயைத் திறந்தார்.

"உதில இருக்கிற ஆரெண்டாலும் உந்தப் பேரைக் கேட்டு வாங்கினவையோ எண்டு அவரைக் கேள்."

கேட்டேன். பெரியவர் யோசித்துவிட்டு, இல்லை, எல்லோருக்கும் பிறப்பால் வந்தது, பெண்களுக்குக் கலியாணத்தால் வந்தது என்றார்.

"நான் கேட்டு வாங்கினனான்," என்றார் அப்பா. "என்ர அப்புவின்ர பேரைக் குடுத்து வாங்கினனான். சும்மா வந்த பேரில்லை. அதைச் சொல்லு."

அப்படியே சொன்னேன். அந்த மனிதர் நகத்தை எடுத்தார். பெருவிரலால் பொட்டை நன்றாக அழுத்தி ஒட்டினார். கேள்விக்குறியை அழித்தார். பிறகு பேனாவை எடுத்து, வாரிசில்லாத அந்த அத்தையிடமிருந்து பேர்லின் வரைக்கும், கடலும் மலையும் தாண்டி, ஒரு கோடு இழுத்தார். வரைபடத்திலேயே இரத்தவழி வராத கோடு அது ஒன்றுதான். அம்மா எழுந்துபோய் அவருக்கு இன்னொரு ரோல்ஸ் கொண்டுவந்து வைத்தார்.

அன்றைக்குச் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டு அம்மா எனக்கு மிச்சத்தைச் சொன்னார். பதிவு முடிந்த கிழமை அப்பா ஊருக்குத் தொலைபேசி எடுத்து, தன் தகப்பனான அப்புவிடம் பெயர் விஷயத்தைத் தானே சொல்லியிருக்கிறார். என்னுடைய பெயர் உனக்குப் பாரமாகிப்போச்சோ என்று கேட்டுவிட்டுக் கிழவர் தொலைபேசியை வைத்துவிட்டார். பிறகு சண்டை பெருத்து, சனம் இடம்பெயர்ந்து, வழியில் எங்கேயோ அவர் காலமானார். தகப்பனும் மகனும் மறுபடி பேசவேயில்லை. அத்தனை வருட நக்கலுக்கும் சிரித்துக்கொண்டிருந்த மனிசன் இதை ஒருவரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. என் அப்பாவை நினைத்து நான் பெருமைப்படாத நாளில்லை. ஆனால் அன்று பட்ட பெருமையில் நெஞ்சு நொந்தது.

அப்பா போய் இரண்டு வருடமாகிறது. என் மகன் இந்த வருடம் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டான். என் கணவர் தமிழ்நாட்டுக்காரர். பாஸ்போர்ட்டுக்காக விரித்து எழுதிய இனிஷியல்தான் அவருடைய குடும்பப் பெயர். பிள்ளைக்கு என்னுடைய பெயரை வைப்போமா என்று நான் கேட்டபோது, "ஜஸ்ட் ஒரு இனிஷியல்தானே, நோ ப்ராப்ளம்" என்று அவர் தோளைக் குலுக்கிக்கொண்டார். முதல் நாள் வகுப்பில் ஆசிரியை பெயர் கூப்பிட்டபோது, முழுப்பெயரையும் ஒரு தடக்கமில்லாமல் வாசித்தார். மகன் எழுந்து நின்று உரத்துப் பதில் சொன்னான்.

அவன் பிறந்த அன்றைக்கு அப்பாவும் அம்மாவும் பேர்லினிலிருந்து பிராங்பேர்ட் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள். அப்பா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு பிள்ளையை வாங்கினார். என்ன பெயர் வைத்திருக்கிறாய் என்று கேட்டார். முருகேசு என்றேன். அது அவருடைய அப்புவின் பெயர். அப்பா என்னைப் பார்க்கவில்லை. முருகேசு ரேவன்கில் என்று ஒருதரம் வாய்க்குள் சொன்னார். பிறகு வெளியே கேட்கும்படி சொன்னார். தாதி ஒருவர் உள்ளே வர, அவருக்கும் ஜெர்மனில் சொன்னார்; அவருக்கு விளங்கவில்லை என்று கண்டு இன்னொருதரம் சொன்னார். மற்றவர்கள் தேநீர் குடிக்க வெளியே போன பிறகு, நான் கண்ணை மூடிக் கிடந்தேன். நித்திரை என்று அப்பா நினைத்திருக்கவேண்டும். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு யன்னலடியில் இருந்தவர் குனிந்து மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"அப்பு, இன்னும் கோவமோ?"

பிள்ளை நல்ல நித்திரை. அப்பா பதிலுக்குக் காத்திருந்தார்.